கடன்பட்டவர் விற்றுவிட்ட சரக்கும் கடன் கொடுத்தவரின் பாத்தியதையும்

முண்டியம்பாக்கத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஆலைக்குக் கரும்பு வெட்டும் காலமும், மணிலாக்கொட்டை களத்துக்கு வரும் காலமும் ஐக்கிய நாணய சங்கங்களின் பஞ்சாயத்தாருக்கு ஓய்வில்லாத காலங்களாகும். உரத்துக்கென்றும் விதைக்கென்றும் சங்கத்தில் பணம் பெற்ற அங்கத்தினர் ஒருவர், மகசூலை எடுத்துத் தவணைப் பணம் கட்டாமலே விழுப்புரத்து மண்டிக்கு ஏற்றிவிட்டார் என்று ஒரு நாள் செய்தி வரும். பஞ்சாயத்தாரில் ஒருவர், "மூட்டைகள் இன்னும் மண்டியில்தான் கிடக்கின்றன, போய்ப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவோம்" என்பார். மற்றொருவர், "விற்றுப் போன சரக்கில் நமக்கு என்ன பேச்சு? வாங்கினவரை விட்டுவிட்டுக் கடன்பட்டவர் வாசலில் போய் நிற்பதே முறை" என்பார். இருவர் சொல்லிலும் பாதி நியாயம் இருக்கிறது. முன்னவர் சொல்படி நடந்தால் சங்கம் திருட்டு வழக்கில் மாட்டிக்கொள்ளக்கூடும். பின்னவர் சொல்படி நடந்தால், கைக்கு எட்டியிருக்கக்கூடிய பணம் எட்டாமற் போகக்கூடும். நஷ்டம் வந்தால் அது ஜாமீன் போட்ட அங்கத்தினர் இருவர் தலையில் விழுமாகையால், இவ்விஷயத்தில் சட்டம் என்ன சொல்லுகிறது என்பதை ஒவ்வோர் அங்கத்தினரும் அறிந்திருப்பது நலம்.

முதலாவதாக அறிய வேண்டியது, கடன் என்பது ஆளைப் பற்றியதேயன்றிப் பொருளைப் பற்றியதன்று என்பதாம். ஒருவர் பிராமிசரி நோட்டு எழுதிக் கொடுத்துப் பணம் பெற்றார் என்பதனாலேயே அவருடைய மாடும் வண்டியும் நெல்லும் கடன் கொடுத்தவருக்குக் கட்டுப்பட்டவை ஆகிவிடமாட்டா. அவை அவருடைய சொத்தே. விற்க அவருக்கு உரிமையுண்டு. நல்ல எண்ணத்தோடு விலை கொடுத்து வாங்குகிறவருக்கு அவை முழு உரிமையோடு போய்ச் சேரும். 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27-வது பிரிவு, விற்பவர் தமக்கு உள்ளதைக் காட்டிலும் மேலான உரிமையை வாங்குபவருக்குக் கொடுக்க முடியாது என்று சொல்லுகிறது. அப்பிரிவைக் காட்டிச் சிலர் வாதாடுவது உண்டு. ஆனால் வெறும் நோட்டின் பேரில் கடன்பட்டவருக்குத் தம் சரக்கில் முழு உரிமையும் இருக்கிறதாகையால், அப்பிரிவு சங்கத்துக்கு இங்கே உதவாது.

இனி, சங்கங்களுக்கென்று சட்டம் கொடுத்துள்ள விசேஷச் சலுகை ஒன்று உண்டு. 1912-ஆம் வருஷத்து ஐக்கிய சங்கங்கள் சட்டத்தின் 19-வது பிரிவு, நிலவரி முதலான சர்க்கார் பாக்கிக்கு அடுத்தபடியாக, மற்றக் கடன்காரர்களுக்கு முன்பாகச் சங்கம் தன் பாக்கியை வசூலித்துக்கொள்ளலாம் என்று விதித்தது. விதையோ உரமோ கொடுத்திருந்தாலும், அவற்றை வாங்கப் பணம் கொடுத்திருந்தாலும், கொடுத்த தேதியிலிருந்து பதினெட்டு மாதத்துக்குள் அந்த அங்கத்தினருடைய விளைபொருளின் மேல் இம்முன்னுரிமை செல்லும். மாடு, தீவனம், கருவி, இயந்திரம், கைத்தொழிலுக்கான கச்சாப் பொருள் ஆகியவற்றுக்குக் கொடுத்திருந்தால், அப்படி வாங்கிய பொருளின் மேலேயே செல்லும்; நெசவாளருக்கு நூல் கொடுத்திருந்தால் நெய்த துணியின் மேலும் செல்லும். சென்னை மாகாணத்தின் 1932-ஆம் வருஷத்துச் சட்டம், 1961-ஆம் வருஷத்துச் சட்டம், 1988 ஏப்ரலில் அமலுக்கு வந்த 1983-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் என்று சட்டங்கள் மாறி மாறி வந்தபோதும், சங்கத்துக்கு இத்தகைய முன்னுரிமை வேண்டும் என்ற கொள்கை கைவிடப்படவில்லை.

இச்சலுகையைப் பெரிதாக எண்ணிச் சில சங்கங்கள் ஏமாந்து போகின்றன. 1912-ஆம் வருஷத்துப் பிரிவின் வாசகத்தை உற்றுப் பார்க்க வேண்டும். "மற்றக் கடன்காரர்களுக்கு முன்பாக" என்றுதான் அது சொல்லுகிறது. "வாங்கினவர்களுக்கு முன்பாக" என்று சொல்லவில்லை. சந்தையில் ரொக்கம் எண்ணிக் கொடுத்து மாடு வாங்கிக்கொண்டு போன வெளியூரார் கடன்பட்டவருக்குக் கடன்காரர் அல்லர். அது சங்கப் பணத்தில் வாங்கிய மாடு என்று அவருக்குத் தெரியவும் தெரியாது. அவர் கையிலிருந்து மாட்டைப் பிடுங்க அப்பிரிவு இடங்கொடுக்கவில்லை. ஆனால் நம் பக்கத்தில் மணிலா வியாபாரம் பெரும்பாலும் அப்படி ரொக்கமாக நடப்பதில்லை. தரகர் அல்லது மண்டிக்காரர் பயிர் பூக்கும்போதே முன்பணம் கொடுத்துவிடுகிறார். அறுவடையானதும் மூட்டைகளை எடுத்துப் பழைய பாக்கிக்கு வரவு வைத்துக்கொள்ளுகிறார். இவ்வாறு எடுப்பவர் பேரளவில் வாங்குபவராயினும் உண்மையில் மற்றொரு கடன்காரரே. அந்த இடத்தில்தான் சங்கத்தின் முன்னுரிமை பேச வேண்டும். கணக்குப் புத்தகத்தில் விலை கொடுத்ததாக எழுதியிருக்கிறதா, பாக்கிக்கு ஈடு செய்ததாக எழுதியிருக்கிறதா என்பதே வழக்கின் உயிர்நிலையாகிவிடுகிறது.

அன்றியும், உரத்துக்கும் விதைக்கும் மாட்டுக்கும் கொடுத்த கடனுக்கே அப்பிரிவு முன்னுரிமை தந்தது. மகளின் கலியாணத்துக்கு வாங்கிய கடனையும், கிணற்றுத் தகராறில் வக்கீலுக்குக் கொடுக்க வாங்கிய கடனையும் "சாகுபடிச் செலவு" என்று மனுவில் எழுதிவிடும் பழக்கம் பல சங்கங்களில் உண்டு. எழுதுகிறபோது அது தயவாகத் தோன்றும். வழக்கு வருகிறபோது எதிரி வக்கீல் முதலில் கேட்பது, எத்தனை மூட்டை உரம், எந்தக் கடையில், எந்தத் தேதியில் என்பதே.

விற்றது உண்மையான விற்பனைதானா என்பது அடுத்த கேள்வி. கடன் முற்றியபின் மைத்துனர் பேருக்கு மாட்டை விற்றுவிட்டு, அதே மாட்டைத் தன் கொட்டிலிலேயே கட்டிக் கறந்துகொண்டிருப்பவர்களை எல்லா ஊரிலும் காணலாம். இது புதிய தந்திரம் அன்று. இங்கிலாந்தில் 1601-இல் தீர்ப்பான டுவைன் வழக்கு என்ற ஒரு பழைய வழக்கு இதைப் பற்றியதே. பியர்ஸ் என்பவர் டுவைன் என்பவருக்கு 400 பவுனும், மற்றொருவருக்கு 200 பவுனும் கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டாமவர் வழக்குப் போட்டார். வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே பியர்ஸ் தம்முடைய அசையும் பொருள் முழுவதையும், சுமார் 300 பவுன் பெறுமானமுள்ளதை, இரகசியமாக டுவைனுக்கு எழுதி வைத்தார். எழுதிய பிறகும் பொருள்கள் அவரிடமே இருந்தன. சிலவற்றை அவரே விற்றார். ஆடுகளுக்கு அவரே ரோமம் கத்தரித்துத் தம் அடையாளத்தையே இட்டார். டிக்ரியை நிறைவேற்ற அதிகாரி வந்தபோது, இவை டுவைனுடையவை என்று தடுத்தார்கள். டுவைனுக்குச் சேர வேண்டிய கடன் உண்மையே, அதில் பொய்யில்லை. ஆயினும் நீதிமன்றம் அந்தப் பத்திரத்தை மோசடி என்று தள்ளிவிட்டது. உடுத்துவதற்கும் மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தது, கொடுத்தபின்னும் தாமே அனுபவித்தது, ஒளித்துச் செய்தது, வழக்கு நடக்கையில் செய்தது ஆகியவை மோசடியின் அடையாளங்கள் என்று கண்டது. பத்திரத்தில் "நேர்மையாகவும் உண்மையாகவும்" எழுதிக் கொடுத்தது என்று வலிந்து சேர்த்திருந்த வாசகமும் சந்தேகத்துக்கு ஒரு காரணமாயிற்றாம். நம்மூர்ப் பத்திர எழுத்தர்கள் இதைக் கவனிக்கலாம்.

இந்தியாவில் அசையும் பொருளைப் பற்றி இத்தகைய கேள்வி எழும்போது 1920-ஆம் வருஷத்து மாகாண இன்சால்வெண்ட் சட்டம் துணைக்கு வரும். ஐந்நூறு ரூபாய்க்குக் குறையாத கடன் கொடுத்தவர், கடன்பட்டவரை இன்சால்வெண்டாக விதிக்கும்படி கோர்ட்டில் மனுச் செய்துகொள்ளலாம். மனுவுக்கு முந்திய இரண்டு வருஷத்துக்குள், நல்லெண்ணமும் தக்க விலையுமின்றிச் செய்த கைமாற்றத்தை ரத்து செய்விக்க 53-வது பிரிவு இடங்கொடுக்கிறது. முந்திய மூன்று மாதத்துக்குள் ஒரு கடன்காரருக்குச் சலுகை காட்டும் எண்ணத்தோடு செய்த கொடுக்கல் 54-வது பிரிவின்படி செல்லாது. ஆனால் இப்படி மீட்ட பொருள் சங்கத்துக்கு மட்டும் வந்து சேராது. ரிசீவர் கைக்குப் போய்க் கடன்காரர் எல்லோருக்கும் பங்காகும். நூறு மூட்டைக்கு வழக்காடிப் பத்து மூட்டை பெறுவதில் சங்கத்துக்கு ஆதாயமா என்று பஞ்சாயத்தார் முதலிலேயே கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரக்கு இன்னும் விற்கப்படாமல் இருந்து, விற்கப் போகிறார் என்று தெரிந்தால் வழி வேறு. கடன் கொடுத்தவரை ஏமாற்றும் எண்ணத்தோடு சொத்தைக் கைமாற்ற முயலுகிறார் என்று காட்டினால், தீர்ப்புக்கு முன்பே ஜப்தி செய்யச் சிவில் நடைமுறைச் சட்டம் இடங்கொடுக்கிறது. கூட்டுறவுச் சட்டத்திலும் இதற்கு ஒத்த அதிகாரம் உண்டு. டிக்ரியை நிறைவேற்றும்போது, விளைந்து நிற்கும் பயிரானால் நிலத்திலும், அறுத்துச் சேர்த்ததானால் களத்திலும் வாரண்டின் நகலை ஒட்டி ஜப்தி செய்வார்கள். ஜப்தியான பின் செய்த தனி விற்பனை அந்த ஜப்தியின் கீழ் எழும் கோரிக்கைக்கு எதிராகச் செல்லாது என்பது 64-வது பிரிவு. ஆகவே ஒரு நாள் முந்துவதற்கும் ஒரு நாள் பிந்துவதற்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரிது. ஆயினும் உழவனின் கருவிகளும், பயிர் செய்யும் மாடுகளும், கோர்ட்டார் அவசியமென்று கருதும் விதை நெல்லும் ஜப்திக்கு உட்படா. அடுத்த அறுவடை வரை குடும்பம் சாப்பிடவும் நிலத்தைப் பயிரிடவும் வேண்டிய விளைபொருளுக்கு விலக்கு அளிக்க 61-வது பிரிவு சர்க்காருக்கு அதிகாரம் கொடுக்கிறது. சங்கம் என்பது அங்கத்தினரைப் பயிர்த்தொழிலில் நிலைநிறுத்த ஏற்பட்டதாகையால், இவ்விலக்குகளைச் சங்கத்தார் தடையாக எண்ணுவது பொருந்தாது.

விற்று, ஏற்றி, போய்விட்ட சரக்கைப் பற்றி இனிச் சொல்ல வேண்டியது, மேலே சொன்ன எல்லாவற்றிலும் முக்கியமானது. சரக்கு போனாலும் விலை போய்விடவில்லை. நம் பக்கத்து மண்டிகளில் எடை போட்ட அன்றே முழு விலையும் கைக்கு வருவது அபூர்வம், கரும்பிலோ வருவதேயில்லை. வாங்கியவர் விலையைக் கொடுக்காமல் வைத்திருக்கும்வரை, அவர் விற்றவருக்குக் கடன்பட்டவர். அந்தக் கடனையே சங்கம் பிடித்துக்கொள்ளலாம். டிக்ரி இருந்தால், விலையை விற்றவருக்குக் கொடுக்கக்கூடாது என்று மண்டிக்காரருக்குத் தடையுத்தரவு வாங்கலாம். டிக்ரி இல்லாமலும் ஒரு வழியுண்டு. கடன் கொடுக்கும்போதே அங்கத்தினர், தமக்கு வர வேண்டிய விலையில் இன்ன தொகையைச் சங்கத்துக்கு மாற்றிக் கொடுத்ததாக எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால், 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் 130-வது பிரிவின்படி அது செல்லும். இதில் மறக்கக்கூடாதது ஒன்று. மாற்றிக் கொடுத்த செய்தி வாங்குபவருக்கு எழுத்து மூலமாகத் தெரிய வேண்டும். தெரியாமல் அவர் அங்கத்தினருக்கே பணத்தைக் கொடுத்துவிட்டால் அவர் பேரில் குற்றமில்லை. தெரிந்தபின் கொடுத்தால் சங்கத்துக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். ஒரு ரிஜிஸ்தர் தபால் செலவில் முடிகிற காரியத்தைச் செய்யாமல் விட்டுப் பிறகு ஆயிரக்கணக்கில் கோர்ட்டுச் செலவு செய்வது வழக்கமாகிவிட்டது.

முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலை இருப்பதனால் இவ்வழி கரும்பில் சுலபமாகக் கூடிவருகிறது. ஆலையோடு பதிவு செய்துகொண்ட கரும்பு வெட்டு உத்தரவின்படி வெட்டப்பட்டு, ஆலை வாசலில் எடையாகிறது. அங்கத்தினர் முன்னரே எழுதிக் கொடுத்த சம்மதத்தின் பேரில் ஆலை கடன் தொகையைப் பிடித்துச் சங்கத்துக்கோ பாங்கிக்கோ அனுப்பிவிட்டு மீதியைக் குடியானவருக்குக் கொடுக்கிறது. 1954-இல் வெளியான அகில இந்தியக் கிராமக் கடன் ஆய்வு அறிக்கை, கடனையும் விற்பனையையும் ஒன்றோடொன்று பிணைக்க வேண்டும் என்று வற்புறுத்தியது இந்தக் காரணத்தை முன்னிட்டே. மணிலாவுக்கு இதே ஒழுங்கு அமைய வேண்டுமானால், மூட்டைகள் தரகர் வீட்டுத் திண்ணைக்குப் போகாமல் விற்பனைச் சங்கத்துக்கோ, விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கோ போக வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. தமிழில் கடன் கொடுத்தவரையும் கடன்காரர் என்கிறோம், வாங்கியவரையும் கடன்காரர் என்கிறோம். குடியானவருக்கு இச்சொல் இரு வகையிலும் பொருந்தும். சங்கத்துக்கு அவர் கடன்பட்டவர். கரும்பையும் மணிலாவையும் கடனுக்கு விட்ட வகையில் அவரே கடன் கொடுத்தவர். அவருடைய சரக்கை வாங்கிய வியாபாரி அதை மற்றொருவருக்கு விற்றுவிட்டால் அவர் நிலை என்ன?

விலை முழுவதும் வராதவரையில், அல்லது கொடுத்த செக்கு திரும்பி வந்துவிட்டால், அவர் "விலை பெறாத விற்பனையாளர்" ஆகிறார். சரக்கு தம் களத்தில் இருக்கும்வரை, கடன் தவணை எதுவும் பேசியிராவிடில், விலை வரும்வரை கொடுக்காமல் நிறுத்திவைத்துக்கொள்ள அவருக்கு உரிமையுண்டு. முண்டியம்பாக்கம் ஸ்டேஷனில் ரயிலேற்றியோ லாரி ஆபீசில் ஒப்புவித்தோ ஆகிவிட்டால் அவ்வுரிமை சாதாரணமாகப் போய்விடும். ஆனாலும், வாங்கியவர் கொடுக்கல் வாங்கலில் நொடித்துப்போனார் என்று தெரிந்தால், சரக்கு வழியில் இருக்கும்போதே அதை நிறுத்தும்படி ரயில்வேக்கோ லாரிக்காரருக்கோ நோட்டீசு கொடுக்கலாம். நொடித்ததற்குக் கோர்ட்டுத் தீர்ப்பு வேண்டியதில்லை. வழக்கமான முறையில் கடன்களைக் கட்டுவதை நிறுத்திவிட்டார் என்பதே போதும். இடையில் வியாபாரி வேறொருவருக்கு விற்றுவிட்டார் என்பதனால் மட்டும் இவ்வுரிமைகள் கெட்டுவிடா. குடியானவர் அந்த மறுவிற்பனைக்குச் சம்மதித்திருந்தால் கெடும். ரயில்வே ரசீது போன்ற உரிமைப் பத்திரத்தை வியாபாரி கையில் கொடுத்துவிட்டு, அவர் அதை நல்லெண்ணத்தோடு விலை கொடுத்த மூன்றாமவருக்கு மாற்றிவிட்டாலும் கெடும். ஆகையால் ரசீதைக் கொடுப்பதும் சரக்கைக் கொடுப்பதும் ஏறக்குறைய ஒன்றே என்று கொள்ள வேண்டும். சரக்கு வாங்கியவர் கிடங்குக்குள் போய்ச் சேர்ந்தபின் குடியானவர் வெறும் கடன்காரரே. மூட்டைகளின் மேல் அவருக்கு யாதொரு பாத்தியதையும் இல்லை.

ஆலைக்குக் கரும்பு போட்டவர் நிலையும் அதுவே. கரும்பு எடையாகி உள்ளே சென்றதும் அது ஆலையின் சொத்து. அதிலிருந்து வரும் சர்க்கரையும் ஆலையின் சொத்து. அச்சர்க்கரை மூட்டைகளை ஆலைகள் பாங்கியில் ஈடு வைத்துப் பணம் பெறுவது எங்கும் வழக்கம். ஈடு என்பது பொருள் கடன் கொடுத்தவர் கைவசம் இருப்பது. அதனால் அது மற்ற எல்லாப் பிடிமானங்களைக் காட்டிலும் பலமுள்ளது. பீகாரில் ஒரு பாங்கிக்கு ஈடாக இருந்த சர்க்கரையைச் சர்க்கார் அதிகாரிகள் கைப்பற்றி விற்று, பணத்தை ஆலையின் வேறு பாக்கிக்கு எடுத்துக்கொண்டதைப் பற்றிய வழக்கில், ஈடு பெற்ற பாங்கியின் உரிமை அதனால் அழியாது என்று 1971-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்த்தது. கர்நாடகத்தைச் சேர்ந்த சிருகுப்பா ஆலை வழக்கில், கரும்புப் பாக்கிக்காகவும் தொழிலாளர் சம்பளத்துக்காகவும் எழுந்த கோரிக்கைகளுக்கு முன்னதாக ஈடு பெற்ற பாங்கியே நிற்கிறது என்று 2007-இல் மீண்டும் சொன்னது. 2009-இல் மட்டும், தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிப் பாக்கிக்கு அதற்குரிய சட்டமே முதலுரிமை கொடுத்திருப்பதால், ஈடு வைத்த சர்க்கரையும் அதற்குப் பின்தான் என்று தீர்ப்பாயிற்று. கரும்பு விளைவித்தவருக்கு இத்தீர்ப்புகள் கசப்பாகவே இருக்கும். கரும்பு அவருடையது, வியர்வை அவருடையது. ஆயினும் கிடங்கின் சாவி பாங்கியிடம் இருக்கிறது.

அவருக்குச் சட்டம் கொடுத்துள்ள ஆறுதல் வேறு வகையானது. 1966-ஆம் வருஷத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு உத்தரவின்படி, வேறு விதமான எழுத்து மூல உடன்படிக்கை இல்லாவிடில், கரும்பு ஒப்படைத்த பதினான்கு நாளைக்குள் ஆலை விலையைக் கொடுக்க வேண்டும். தாமதமானால் வருஷத்துக்கு நூற்றுக்குப் பதினைந்து வட்டி சேரும். பாக்கியை நிலவரிப் பாக்கி போல வசூலிக்கவும் வழியுண்டு.

ஜாமீன்தார்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சங்கம் ஒரு பொருளை ஈடாகப் பெற்றிருந்து, ஜாமீன்தாரைக் கேட்காமல் அதை விட்டுக்கொடுத்துவிட்டால், அப்பொருளின் பெறுமானம் அளவுக்கு ஜாமீன்தார் விடுதலை பெறுகிறார் என்று 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 141-வது பிரிவு கூறுகிறது. கிடங்கில் ஈடாக இருக்கும் இருபது மூட்டை மணிலாவை, "விற்றுவிட்டுக் கட்டுகிறேன்" என்று அங்கத்தினர் கேட்கக் காரியதரிசி தாட்சணியத்துக்காக வெளியே விட்டுவிட்டால், பிறகு பணம் வராதபோது அந்த இருபது மூட்டை விலைக்கு ஜாமீன்தாரை நெருக்க முடியாது. ஜாமீன்தார் தாமே கடனைக் கட்டிவிட்டால், சங்கத்துக்கு இருந்த உரிமைகள் யாவும் அவருக்கு வந்து சேரும். ஆகையால் மூட்டைகளை வெளியே விடுமுன், ஜாமீன்தார் இருவருடைய சம்மதத்தையும் எழுத்தில் பெற்றுக் கடன் மனுவோடு தைத்து வைப்பதும், வாங்கப் போகும் மண்டிக்காரருக்கு அன்றே நோட்டீசு அனுப்பி அதன் ரசீதை அதனோடு சேர்ப்பதும் காரியதரிசியின் வேலை.